நன்னிலத்து வெண்ணெய்

வரிச்சிக்குடியில் வடக்கே போகும் பஸ் ஏறினால், நண்டலாறு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி. தெற்கே காரைக்கால் போய் மேற்கே திரும்பினால் நன்னிலம். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு புத்தகம் இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

நன்னிலம் நாராயண தேசிகரின் மாணவர் தாண்டவராய சுவாமிகள் எழுதிய ‘கைவல்ய நவநீதம்’தான் அது. நவநீதம் என்றால் வெண்ணெய். வேதாந்தப் பாலைக் கடைந்து எடுத்தது என்கிறார். இது கிடைத்த பிறகும் மண்ணைத் தின்று அலைவார்களா என்று கேட்கிறார். மனம் என்பது என்ன, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நான் யார்? நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி ரமணரின் ‘நான் யார்?’ வழியாக வந்திருக்கும். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்க, பேசாமலிருந்த ரமணர் எழுதிக் காட்டியவை அந்தப் பதில்கள். பல தலைமுறைகளுக்கு முன்பே அதே கேள்வி நம் ஆற்றங்கரைப் பக்கம் பாட்டாகிவிட்டது. கோவிலூர் மடத்தில் அது பாடப் புத்தகம்.

தரங்கம்பாடி இதில் எப்படி வந்தது? டேனிஷ்காரர்கள் அந்த ஊரை 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றார்கள். அவர்களுடைய மிஷன் வேலையை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் எடுத்துக்கொண்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணத்தில் இருந்தார். ஊர் திரும்பியதும் ‘பிப்லியோதெக்கா தமுலிக்கா’ என்ற தமிழ் நூல் வரிசையைத் தொடங்கினார். 1854இல் வந்த முதல் தொகுதியில் மூன்று வேதாந்த நூல்கள், ஜெர்மன் மொழியில். அதில் ஒன்று கைவல்யம். மறு வருஷம் அதையே தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், இலக்கணக் குறிப்பு என்று தனித் தொகுதியாகப் போட்டார். திருக்குறளுக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

இதே தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதி முடித்த நூலை ஐரோப்பாவில் இருந்த அவருடைய மேலிடம் அச்சிட விடவில்லை. 1867இல்தான் அது வெளிவந்தது. அப்படிப்பட்ட மரபிலிருந்து வந்த ஒரு பாதிரியார் வேதாந்தத்தைத் தானே அச்சுக்குக் கொடுக்கிறார். அன்பினால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. யாரை மாற்ற வேண்டுமோ அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். சுருக்கமா சொன்னா, உளவு. ஆனால் உளவுக்காகப் படித்தவர் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்த்தார். நாம் சந்தனம் வைத்து மாடத்தில் ஏற்றிவிட்டோம்.

இந்தப் புத்தகம் மாடத்துக்கு ஏற்றதும் இல்லை. முதல் படலத்தில் சீடனுக்கு உண்மை விளங்கிவிடுகிறது. ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, பத்தாவது ஆள் செத்துப்போனான் என்று அழும் கதை அங்கேதான் வருகிறது. நீதானப்பா அந்தப் பத்தாவது ஆள் என்று யாரோ சொன்னதும் அழுகை நிற்கிறது. சரி, அத்தோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. இரண்டாம் படலத்துக்குப் பெயரே ‘சந்தேகம் தெளிதல்’. குழி தோண்டி நட்ட மரத்தை மண் போட்டு இடித்து இடித்து இறுக்குவதுபோலத் தன் மனமும் உறுதிப்பட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு சீடன் மறுபடி கேட்க ஆரம்பிக்கிறான். எங்கள் பக்கம் கல்யாணப் பந்தலுக்குக் கால் நடுகிறவர்கள் கடப்பாரையின் பின்பக்கத்தால் இடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமைக்கு உரை வேண்டாம். குருவும் கோபப்படுவதில்லை. விளங்கின பிறகும் என்னடா கேள்வி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மொழிபெயர்க்கிறவன் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வான். சீடனின் சந்தேகத்தை ஜெர்மனில் சொல்ல அதை முழுசாகக் கேட்டுப் பார்த்தாக வேண்டும். குருவின் பதிலையும் அதே பலத்தோடு சொல்லியாக வேண்டும். கிரௌல் இதை இரண்டு மொழியில், இரண்டு தடவை செய்தார். மதம் மாறவில்லை. வரிசையையும் விடவில்லை, 1864இல் அவர் இறந்த பிறகு, மறு வருஷம் நாலாவது தொகுதி வந்தது.

என்னிடம் இருப்பது உரையோடு கூடிய மலிவுப் பதிப்பு. முதல் படலம் இன்னும் புதுசாகவே இருக்கிறது. இரண்டாம் படலத்தில்தான் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.