ரேடியோ நெல்: காவிரிப் படுகையில் உழவர் ஒலிபரப்பின் பாட்டும் சிரிப்பும்

1960-களின் பிற்பாதியில் தஞ்சை மாவட்டத்து உழவர்கள் ஒரு நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்தார்கள். 1922-இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு இட்ட பெயர் ஏ.டி.டி. 27. ஜப்பானிய இனத்தையும் நம் ஊர் இனத்தையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய குறுகிய கால ரகம் அது. ஏறத்தாழ 105 நாளில் அறுப்புக்கு வரும், குறுவைப் பட்டத்துக்குப் பொருந்தும். ஆராய்ச்சியாளர் பெயரோ ஊர்ப் பெயரோ ஒட்டாமல், சேதி கொண்டுவந்த பெட்டியின் பெயர் விதையோடு ஒட்டிக்கொண்டது. திருச்சி வானொலியின் உழவர் நிகழ்ச்சிகளைக் கேட்டு அந்த விதையைத் தேடிப் போனவர்கள் வைத்த பெயர்.

இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் உண்மையானவைதான். 1960-61-இல் இந்தியாவில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. உரம், கடன், கிராம சேவக் எல்லாம் ஊருக்குள் வந்துவிட்டன. 1966-இல் வானொலி நிலையங்கள் சிலவற்றில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு தொடங்கியது. திருச்சியும் அதில் சேர்ந்தது. ஆனால் திட்டம் இருந்த இடத்திலெல்லாம் விதைக்கு வானொலியின் பெயர் வரவில்லை. இங்கே கேட்கும் காது முன்பே பழகியிருந்தது என்பதே என் கருத்து. பாட்டு, கேலி, விதைக் கணக்கு மூன்றையும் ஒரே மேடையில் கேட்ட ஊர்கள் இவை.

பள்ளு இலக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மழை வேண்டுவதில் தொடங்கி, ஆற்றில் வெள்ளம் வந்து, பண்ணைக்காரன் கணக்குக் கேட்டு, நடவு முடிந்து, அறுவடைப் பங்குச் சண்டையில் போய் நிற்கும் கதை அது. நடுவே நெல் வகைகளின் பெயர்கள் வரிசையாக வரும். மாடுகளின் பெயர்களும் ஏர் உறுப்புகளின் பெயர்களும் அப்படியே. மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் போடும் ஏச்சில் கேட்பவர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பொருநைக் கரையில் பிறந்த முக்கூடற் பள்ளுதான் பலர் படித்தது. படுகைக்கும் திருவாரூர்ப் பள்ளு உண்டு. விதைப் பட்டியலைத் தனியே ஒப்பித்தால் ஊர் கேட்காது, சண்டையின் நடுவே செருகினால் கேட்கும் என்பதைப் பள்ளு பாடிய புலவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. பண்ணையாளைக் கீழே வைத்து மேலே நின்று சிரித்த சிரிப்பு அது. தொழுவில் கால் மாட்டப்பட்டுக் கிடக்கும் பள்ளனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லும் இலக்கியத்தை நான் இன்றும் மன வலியோடுதான் வாசிக்கிறேன்.

சிரிப்பின் நடுவே சேதியைச் செருகும் இந்த உத்திக்கு மேடையில் இணை கோணங்கி. மெலட்டூர் பாகவத மேளாவில் தெய்வமும் அரசனும் வருவதற்கு முன் கூம்புத் தொப்பியோடு கோணங்கி ஆடிக்கொண்டு வருவான். கூட்டத்தை அமைதியாக்கிக் கதைக்குத் தயார்படுத்துவது அவன் பொறுப்பு. குறவஞ்சியிலும் கூத்திலும் அதே வேலையைக் கட்டியக்காரன் செய்தான், நாடகக் கொட்டகையில் பபூன் செய்தான். சேதி பின்னால் வரும், சிரிப்பு முன்னால் வரும்.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவுக்குக் கிடைத்த ஆறு நிலையங்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்கு வீடு பெட்டி இல்லாத காலம். பஞ்சாயத்துக் கட்டடத்தில் பூட்டிய அறைக்குள் ரேடியோ இருக்கும், வெளியே கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு யாராவது சாவியோடு வந்து திறந்து விடுவார்கள். வேலை முடித்துக் கை கால் கழுவி வந்தவர்கள் திண்ணையிலும் மணலிலும் உட்கார்ந்து கேட்பார்கள். வெளியூரில் நெல் விலை என்ன, மேட்டூரில் நீர்மட்டம் எத்தனை அடி என்பதெல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் வந்தது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதை எதிர்பார்த்து நாற்றங்காலைத் தயார் செய்யும் ஊருக்கு அந்த அடிக் கணக்கைவிடப் பெரிய சேதி எது?

கூடிக் கேட்டு, கேட்டதைப் பேசி முடிவெடுக்கும் முறை கனடாவிலிருந்து வந்தது. 1956-இல் யுனெஸ்கோ உதவியோடு புனே பகுதியில் 150 கிராமங்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1959-இல் வானொலி உழவர் மன்றங்களாக நாடெங்கும் பரவியது. அந்தச் சோதனையை மதிப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்ன கற்றார்கள் என்பதை அளந்தார்கள். அளவுகோலுக்குள் வராத ஒன்று நிகழ்ச்சியின் உள் அமைப்பு. கிராம நிகழ்ச்சியில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், கேள்வி கேட்பவர் ஒருவர் இருப்பார், எதையும் கோணலாகவே புரிந்துகொள்பவர் ஒருவர் இருப்பார். ஏக்கருக்கு இத்தனை மூட்டை யூரியா என்பதைத் தெரிந்தவர் சொன்னால் அது அறிவிப்பு. கோணல்காரர் அதைத் தப்பாகச் சொல்லி, மற்றவர் திருத்தி, இரண்டாம் முறையும் அவர் தப்பாகவே சொன்னால், மூன்றாவது முறை கேட்பவரே சரியான அளவைச் சொல்லிவிடுவார். கோணங்கியின் தொப்பியை ஒலிவாங்கியின் முன் யாரோ போட்டுக்கொண்டார்கள் என்றே இதைப் பார்க்கிறேன்.

பாட்டின் கதை வேறு. நடவுப் பாட்டு குனிந்து பாடும் பாட்டு. நாற்று முடியை இடக்கையில் பிடித்து, வலக்கை சேற்றில் இறங்கி ஏறும் வேகமே அதன் தாளம். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, வரிசை முழுதும் வாங்கிப் பாடும். மூச்சு வாங்கும் இடத்தில் குலவை விழும். அதே பெண்களை நிலையத்துக்கு அழைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, சத்தம் புகாத அறையில் நிமிர்த்தி நிற்க வைத்தால் கை சும்மா இருக்கும், தாளத்துக்குப் பிடிமானம் போய்விடும். அந்த இடத்தை நிரப்பத்தான் உடுக்கையும் தவிலும் கடமும் வந்தன. வயலுக்கே பதிவுக்கருவியைத் தூக்கிக்கொண்டு போனாலோ காற்று ஒலிவாங்கியில் அடிக்கும், பக்கத்தில் மோட்டார் ஓடும். நாட்டுப்புறப் பாட்டு என்று நாம் வானொலியில் கேட்டுப் பழகிய வடிவம், நிமிர்ந்து நின்றவர்களின் பாட்டு. இசை வரலாற்றில் இந்த மாற்றத்துக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ரேடியோ நெல்லின் காலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையோடு மோதியது. ஈர நெல்லைக் காய வைக்க வழியில்லை. இந்தச் சிக்கலுக்கு விடை தேடித்தான் 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். தஞ்சாவூரில் இன்று நிற்கும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வேர் அது. கூலிச் சிக்கலோ எந்த ஆய்வுக்கூடத்துக்கும் போகவில்லை. விளைச்சல் கூடியபோது கூலியும் கூட வேண்டும் என்று கேட்டவர்கள் மீது வன்மம் வளர்ந்து, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து இறந்தார்கள். உழவர் ஒலிபரப்பு பேசிய ‘விவசாயி’ விதையையும் உரத்தையும் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் உள்ளவர். நாற்றை நட்ட கைக்கு அந்த வடிவத்தில் பாட்டாக மட்டுமே இடம் இருந்தது. அவள் பாடலாம், கேள்வி கேட்பவர் நாற்காலி அவளுக்கு இல்லை. இது ஒரு நிலையத்தின் குற்றமன்று, பள்ளு காலத்திலிருந்து வந்த அமைப்பின் குறை.

தொலைக்காட்சி தில்லியில் 1967 ஜனவரி 26 அன்று கிருஷி தர்ஷனோடு உழவரிடம் வந்தது. 80 கிராமங்களில் பெட்டி வைத்தார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அதன் ‘வயலும் வாழ்வும்’ ஒரு தலைமுறையின் மாலை நேரத்தில் கலந்த பெயர். படுகைக்கு அலை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. எட்டிய பிறகு பஞ்சாயத்துத் தொலைக்காட்சி அறை பழைய ரேடியோ அறையின் இடத்தைப் பிடித்தது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க முன்கூட்டியே இடம் பிடித்த பிள்ளைகள், தங்களை அறியாமலேயே வாழைக்கு மருந்தடிக்கும் அளவையும் கேட்டுவிட்டுப் போனார்கள். நடவுப் பாட்டோடும் கேலியோடும் பின்னி வந்த வேளாண் சேதி, இப்போது திரைப்பாட்டின் வாசலில் காத்து நின்றது.

அமெரிக்காவில் இதே காலத்தில் நடந்ததை ஒப்பிட்டால் நம் வழி தெளிவாகத் தெரியும். 1969-இல் சி.பி.எஸ். தொடங்கிய ‘ஹீ ஹா’ நிகழ்ச்சியில் பக் ஓவன்ஸும் ராய் கிளார்க்கும் நாட்டுப்புற இசையையும் கிராமத்துக் கேலியையும் கலந்து கொடுத்தார்கள். சோளக்கொல்லை போல அமைத்த அரங்கில் கதிர்களுக்கு நடுவிலிருந்து ஒவ்வொருவராய் எழுந்து ஒரு துணுக்கு சொல்லி மறைவார்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை நாஷ்வில்லில் கூடி, சோளக்கொல்லைத் துணுக்குகள் மொத்தத்தையும் ஒரே மூச்சில் பதிவு செய்து, பிறகு வாரத்துக்கு வாரம் வெட்டி ஒட்டினார்கள். நகரத்து நுகர்வோரைத் தேடிய நிறுவனம் 1971-இல் அதைக் கைவிட்டது. நிகழ்ச்சி தனித்தனி நிலையங்களுக்கு விற்கப்பட்டு மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அங்கே கொல்லை ஒரு அரங்கப் பொருள். இங்கே வயல்தான் பொருள், பாட்டும் சிரிப்பும் அதைச் சுமந்தவை.

இந்தச் சுமப்பை முழுமையாக அறிந்தவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். கொள்ளிடக் கரைப் பக்கத்துத் தென்கச்சிப்பெருமாள்நத்தத்தில் பிறந்து, வேளாண்மை படித்து, திருநெல்வேலி வானொலியில் உழவர் நிகழ்ச்சி நடத்தி, சென்னைக்கு வந்து ‘இன்று ஒரு தகவல்’ சொன்னவர். கருத்தை முதலில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு நகைச்சுவைக் கதையை வைப்பார். அலட்டாத குரல், சிரிக்காமல் சிரிக்க வைக்கும் நிதானம். கோணங்கியை முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோனவர் அவர். 2009-இல் அவர் மறைந்தார்.

தனியார் தொலைக்காட்சிகள் வந்த பின் பாட்டு, சிரிப்பு, வேளாண்மை என்ற முப்புரி பிரிந்தது. பாட்டு பாட்டுப் போட்டிகளுக்குப் போனது. வேதாரண்யம் பக்கத்துப் புஷ்பவனத்திலிருந்து வந்த புஷ்பவனம் குப்புசாமி போன்றோரால் அதற்குப் பெரிய மேடைகள் கிடைத்தன. 2018-இல் ‘சூப்பர் சிங்கர்’ பட்டத்தை நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றார். சிரிப்புக்கு 2005 முதல் ‘கலக்கப்போவது யாரு’. வேளாண்மை ‘மலரும் பூமி’ போன்ற தனி நிகழ்ச்சிகளில் ஒதுங்கியது. 2015-இல் உழவருக்கென்றே டிடி கிசான் என்ற தனி அலைவரிசையும் வந்தது. ஒவ்வொன்றும் தன்னளவில் வளர்ந்திருக்கிறது. ஆனால் விதையின் பெயரைச் சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்ய வைத்த நிகழ்ச்சி அதன் பிறகு வரவில்லை.

ரேடியோ நெல்லும் அதன் பின் வந்த ரகங்களும் பள்ளு பாடிய நெல் வகைகள் பலவற்றை வயலைவிட்டு வெளியேற்றின. ‘நெல்’ ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி 174 பாரம்பரிய ரகங்களை மீட்டெடுத்தார். 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. நடவுப் பாட்டு எடுத்துக் கொடுக்கத் தெரிந்த பெண்கள் திருவாரூர், நாகப்பட்டினம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு வயது எழுபதைத் தொட்டுவிட்டது, அவர்கள் வயலிலும் இப்போது நடவு இயந்திரம் ஓடுகிறது. வரும் குறுவைக்குள் அவர்களை வரப்பிலேயே உட்கார வைத்து, பாட்டை எடுத்துக் கொடுப்பவளின் பெயரையும் ஊரையும் முதலில் சொல்லச் சொல்லி, பிறகு பாட்டைப் பதிவு செய்ய வேண்டும்.