அறுபதில் ஓர் இடம்

கொல்லிமலையில் ஊரை நாட்டுக் கணக்கில்தான் சொல்வார்கள். வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, எடப்புளி நாடு என்று அந்தப் பட்டியல் நீளும். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாகச் சொல்லும் கதை. இன்று அந்த நாடுகள் ஊராட்சிகளாகிவிட்டன. பெயர் மட்டும் மாறவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எடப்புளி நாட்டிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரி தேடிக் கிளம்பினால், செம்மேடு வந்து பஸ் பிடித்து, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக் காரவள்ளியில் இறங்கி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் போகவேண்டும். வழியெல்லாம் மனதுக்குள் ஒரு தெம்பு இருக்கும். எது கிடைக்காவிட்டாலும் கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் இருக்கிறது.

அந்தத் தெம்பு ஒரு காலத்தில் நியாயமானதுதான். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிய ஆண்டுகளில், அரசு கலைக் கல்லூரியை யாரும் முதல் விருப்பமாக எழுதவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தொடங்கி டீக்கடை வரைக்கும் ‘என்ஜினீயரிங் கிடைக்கலையா?’ என்றுதான் கேட்டார்கள். நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம் என்பவை கைவசம் இருக்கும் இடங்கள், கடைசியில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்பதே பேச்சு. பொறியியல் மோகம் வடிந்ததும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. 2023-இல் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இருந்தவை சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் இடங்கள். விண்ணப்பித்தவர்களோ 2 லட்சத்துக்கும் மேல். ‘எப்படியும் கிடைக்கும்’ என்று நம்பியிருந்த கல்லூரியிலேயே பாதிப் பேருக்கு மேல் வெளியே நிற்கவேண்டிய நிலை.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட கல்லூரிக்கு ‘சேஃப்டி ஸ்கூல்’ என்று பெயர். தன் மதிப்பெண்ணுக்கு நிச்சயம் கிடைக்கும் என்று மாணவர் கைவசம் வைத்திருக்கும் கல்லூரி அது. அங்கேயும் அது சில சமயம் கைவிடும். இவர் நம்மிடம் சேரப்போவதில்லை என்று கல்லூரி கணித்துவிட்டால், நல்ல மதிப்பெண் உள்ளவரையும் காத்திருப்புப் பட்டியலில் போட்டுவிடுவது உண்டு. டெல்லியில் முன்பு வேறு விதம். 2011-இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியின் முதல் கட்-ஆஃப், பள்ளியில் வணிகவியல் படிக்காதவர்களுக்கு 100 சதவீதமாகவே இருந்தது. இரண்டாவது பட்டியல், மூன்றாவது பட்டியல் என்று அந்தப் பிள்ளைகள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். கொல்லிமலைப் பிள்ளையைக் காக்கவைப்பது இவை இரண்டுமே அல்ல. அவரை நிறுத்துவது ஒரு பின்னம்.

அந்தப் பின்னம் உருவான கதை 1990-இல் தொடங்குகிறது. அதற்கு முன்பு ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்தே ஒதுக்கீடு இருந்தது. 1971 வரை 16 சதவீதம், பிறகு 18. ஒரே வரிசையில் நின்றால் எண்ணிக்கையில் சிறிய பழங்குடியினருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்ற குறை நெடுநாளாக இருந்தது. 1990-இல் அவர்களுக்கென்று 1 சதவீதம் தனியாகப் பிரிக்கப்பட்டது. மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் அந்த ஒன்றும் அடக்கம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் 1.1 சதவீதம். ஆகவே மாநில அளவில் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய நேர்தான்.

ஆனால் மாணவர் மாநிலத்தில் சேர்வதில்லை, ஒரு கல்லூரியின் ஒரு வகுப்பில் சேர்கிறார். அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஒரு சதவீதம் என்பது 0.6. முழு ஆளாகக்கூட ஆகாத அந்த அளவை ஒன்று என்று கூட்டி வைத்தால்தான் ஒரு நாற்காலி பிறக்கும். மாநிலத்தில் 37 பழங்குடிச் சமூகங்கள் இருந்தாலும், சேலம், நாமக்கல் பக்கத்தில் அந்த ஒற்றை நாற்காலிக்கு முட்டிமோதுவது பெரும்பாலும் மலையாளிப் பிள்ளைகளேதான். கொல்லிமலை, ஏற்காடு, பச்சைமலை, கல்வராயன் என்று அத்தனை மலைகளிலிருந்தும் வருவார்கள். பொதுப் பிரிவின் 31 சதவீதத்திலும் அவர்கள் போட்டியிடலாம். மதிப்பெண் இருந்தால் தடையில்லை. கொஞ்சம் குறைந்தால் அந்த ஒற்றை இடம்தான். அதுவும் போனால், இரண்டாவதாக நிற்பவர் எத்தனை மதிப்பெண் வைத்திருந்தாலும் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்.

வரிசையில் நிற்கவே ஒரு தாள் வேண்டும். மற்றவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடியினருக்கு அதை வழங்குபவர் ஆர்.டி.ஓ. மலைக்குக் கீழே நாமக்கல்லில் இருக்கும் அலுவலகத்திலிருந்து அந்தக் கையெழுத்து வரவேண்டும். கொல்லிமலைக்காரர்களுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயர் சில மாவட்டங்களின் பெயர்களோடு கட்டப்பட்டிருக்கிறது. பழைய சேலம் மாவட்டம் அதில் இருந்தது, 1997-இல் அதிலிருந்து பிரிந்த நாமக்கல்லுக்கும் அந்த உரிமை வந்துவிட்டது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளுக்கு அந்த வாய்ப்பில்லை. ஒரே பெயர் கொண்ட மக்கள், ஆனால் அவர்களுக்கு அந்த 0.6 கூடக் கிடையாது. இந்த அநீதி இன்னும் நேராகவில்லை.

காத்திருப்புப் பட்டியலின் உருவமும் மாறிவிட்டது. முன்பு அது கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய டைப் அடித்த தாள். மேலே ‘செலக்‌ஷன் லிஸ்ட்’, அதன் கீழே ‘வெயிட்டிங் லிஸ்ட்’. ரயில் டிக்கெட்டிலிருந்து எல்லோருக்கும் தெரிந்துபோன சொல் என்பதால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெயர்களை விரலால் தடவித் தேடுவார்கள். நேர்காணல் அழைப்பு தபாலில் வரும். மலைக்கு அது ஒரு நாள் பிந்தினால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடக்கூடும். 2020 முதல் அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் இணையத்துக்குப் போனது. பழங்குடி மாணவர் இரண்டு ரூபாய் பதிவுக் கட்டணத்தோடு விண்ணப்பித்துவிடலாம். கைக்காசுக்கும் பஸ் அலைச்சலுக்கும் இது பெரிய நிம்மதி. ஆனால் தரவரிசை எண்ணைப் பார்க்க செல்போனில் சிக்னல் வேண்டும். மலையில் அதைத் தேடி மேட்டுக்குப் போகவேண்டிய இடங்கள் உண்டு.

விண்ணப்பம் பெருகியதும் அரசும் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. சமீப ஆண்டுகளில் அரசுக் கல்லூரிகள் 20 சதவீதம் வரை கூடுதல் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. காத்திருப்புப் பட்டியல் நிஜமாகவே அசைவது அப்போதுதான். அறுபது 72 ஆகும். ஆனால் 72-இல் ஒரு சதவீதம் 0.72, இன்னமும் ஒன்றைத் தொடவில்லை. மற்ற பிரிவுகளுக்குப் புது நாற்காலிகள் வந்து விழும்போது, பழங்குடி வரிசை பழைய இடத்திலேயே நிற்கும்.

அதற்குள் வேறொரு கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டவருக்கு இன்னொரு கவலை. டி.சி. அங்கே மாட்டிக்கொண்டால் இங்கே இடம் வந்தும் பயனில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் உத்தரவிட்டது. உத்தரவைத் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோர் கேட்டு வாங்குகிறார்கள். தெரியாதவர் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்.

கடைசிச் சுற்றில் யாராவது விலகி அந்த ஒற்றை இடம் காலியானால் போன் வரும். குறித்த நாளில் அசல் சான்றிதழ்களோடு கீழே இருக்கவேண்டும். எடப்புளி நாட்டுப் பிள்ளை பாலிதீன் கவரில் மார்க் ஷீட், டி.சி., ஆர்.டி.ஓ. கையெழுத்திட்ட சான்றிதழ், நாலைந்து ஜெராக்ஸ், போட்டோ எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே எடுத்து வைத்துவிடும். விடிவதற்கு முன் அம்மாவோ அப்பாவோ கூட நடந்துவர, செம்மேட்டில் கீழே போகும் முதல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்.