வீசம், அணா, 6.25

போன மாசம் திண்டுக்கல் போயிருந்தப்ப, ஆறாவது படிக்கிற அக்கா மகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாள். ஒரு பங்கின் விலை 148.60 ரூபாய், திங்கட்கிழமை 2.5 ரூபாய் ஏறுது, செவ்வாய்க்கிழமை 0.75 ரூபாய் ஏறுது. இப்போ விலை என்ன? மூன்று எண்களையும் வலது ஓரமா ஒட்டி எழுதிக் கூட்டி 149.60 என்று விடை போட்டிருந்தாள். சரியான விடை 151.85. பங்குக்கு ரெண்டேகால் ரூபாய் காணோம்!

"2.5 ரூபாயைக் காசாச் சொல்லு பாப்போம்" என்றேன். "ரெண்டு ரூபா அம்பது பைசா" என்றாள். சொன்ன வேகத்தில் 2.50 என்று திருத்தி, புள்ளிக்குக் கீழே புள்ளி வைத்துச் சரியாகப் போட்டுவிட்டாள். இத்தனைக்கும் ஐம்பது பைசாவை அவள் கையில் தொட்டிருப்பாளா என்பதே சந்தேகம்.

அன்றைக்கு ராத்திரி தாத்தாவின் பழைய நாள்வழியை எடுத்துப் பார்த்தேன். புகையிலைக் கடையில் கணக்கு எழுதியவர். 3-7-9 என்று ஒரு வரி, அடுத்தது 2-12-6. ரூபாய், அணா, பை. 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். இதைக் கூட்டணும்னா முதலில் பை: 9-ம் 6-ம் 15, அதாவது ஓரணா மூணு பை. அப்புறம் அணா: 7, 12, கைவசம் 1, ஆக 20, அது ஒரு ரூபாய் நாலணா. மொத்தம் 6-4-3. ஒவ்வொரு பத்திக்கும் வேற வேற எண்ணிக்கையில் மாத்தணும். அவர் அதை வாய்க்குள்ளேயே முடிப்பாராம்.

அதில் ஆச்சரியம் இல்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் பண்ணிய தலைமுறைக்குப் பின்னம்தான் தாய்மொழி. கால், அரைக்கால், வீசம், முந்திரி. வீசம்னா பதினாறில் ஒரு பங்கு. ரூபாயில் வீசம்தான் அணா.

1957 ஏப்ரல் 1 அன்று இதெல்லாம் மாறிச்சு. ரூபாய்க்கு 100 நயா பைசா. ஆனா ஓரணாவுக்குச் சரியான ஈடு 6.25, கால் பைசாவுக்கு எங்கே போறது? அரசு ஒரு மாற்றுப் பட்டியல் போட்டது: ஓரணாவுக்கு 6, ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. மூணு பேர் தனித்தனியா ஓரணா கொடுத்தா 18. ஒரே ஆள் மூணணா கொடுத்தா 19! பதினாறு பேர் தனித்தனியா ஓரணா சாமான் வாங்கினா கடைக்காரர் கையில் 96 நயா பைசாதான். நாலு நயா பைசா போச்சு. சில்லறை வியாபாரிக்கு இது சின்ன விஷயமா? கொஞ்ச காலம் பழைய காசும் புதுக் காசும் சேர்ந்தே புழங்கியதால் குழப்பம் இன்னும் கூடியிருக்கும். 'நயா' என்ற சொல் 1964-ல் கைவிடப்பட்டது. நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும், நான் பள்ளிக்கூடம் போன காலம் வரைக்கும் பஸ்ஸில் கேட்கும்.

சென்னைப் பங்குச் சந்தையிலும் அதுவரை ரூபாய்-அணா விலைதான். 1957-க்குப் பிறகு அங்கேயும் தசமம் வந்தது. அமெரிக்கா என்ன பண்ணிச்சு தெரியுமா? ஆரம்பத்திலிருந்தே டாலருக்கு 100 சென்ட் வைத்திருந்த நாடு அது. ஆனாலும் நியூயார்க் பங்குச் சந்தை விலையை எட்டில் ஒரு பங்காகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்பானிய வெள்ளி நாணயத்தை எட்டாகப் பிரித்த பழைய வழக்கம்தான் காரணம் என்பார்கள். 1997-ல் அதைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அதாவது 6.25 சென்ட். நம்ம அணா! தசமத்துக்கு அந்தச் சந்தை முழுசா மாறியது 2001 ஜனவரி கடைசியில்தான். திண்டுக்கல் புகையிலைக் கடை அதற்கு 44 வருஷம் முன்னாடியே மாறிவிட்டது.

இங்கே தேசியப் பங்குச் சந்தையில் ரொம்ப நாளாக விலை ஐந்து பைசா ஐந்து பைசாவாகத்தான் நகர்ந்தது. 2024 ஜூனிலிருந்து 250 ரூபாய்க்குக் குறைவான பங்குகளுக்கு ஒரு பைசா. அதனால் அக்கா மகளின் பங்கு 148.61-க்கும் விற்கலாம். அடுத்த நாள் அந்த மாதிரி எண்களில் நாலு கணக்கு எழுதிக் கொடுத்தேன். மூணு சரி. நாலாவதில் 0.5-ஐயும் 0.05-ஐயும் ஒண்ணுன்னு நினைச்சுட்டாள்.