கள்ளிக்கு எந்த யன்னல்?

போன வருஷம் எங்கட வாசிப்பு அறைக்கு ஆறு சின்னச் சாடிகள் வாங்கினோம். கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் பூங்கன்று விற்கிற அக்கா ஒருவரிடம் வாங்கியவை. ரோசாப்பூ மாதிரி இதழ் விரித்த தடித்த இலைச் செடிகள் மூன்று, உருண்டைக் கள்ளி இரண்டு, பாம்புக் கற்றாழை ஒன்று. "வீட்டுக்குள்ள வைக்கிற செடி, பெரிசாப் பராமரிப்பு இல்லை" என்று சொல்லித்தான் தந்தார். புத்தக அலுமாரிக்கு மேலே அடுக்கினோம். இரண்டு மாதத்தில் ரோசாச் செடிகள் கழுத்து நீண்டு, வெளிறி, யன்னல் பக்கம் சாய்ந்தன. கள்ளிகளின் உச்சி மெலிந்து கூம்பியது. பிறகு அடி அழுகியது. பாம்புக் கற்றாழை மட்டும் அசையாமல் நின்றது.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "உதென்னடி பிள்ளை, வேலியில நிக்கிறதைக் கொண்டுவந்து இருட்டுக்குள்ள வச்சுச் சாக்காட்டுறியள்?"

அந்தக் கேள்வியில் இருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குது. வேலியில் நின்ற செடி எப்படி "வீட்டுக்குள்ள வைக்கிற செடி" ஆனது?

முதலில் வெளிச்சம். சித்திரை மாத நண்பகலில் எங்கட முற்றத்தில் விழும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லக்ஸ். கைப்பேசிச் செயலி ஒன்றால் அலுமாரி மேலே அளந்தோம், 200ஐத் தாண்டவில்லை. விறாந்தையின் ஓரத்தில் 4,000. கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இருட்டுக்கு ஏற்ற மாதிரி கண்மணி விரிந்து எங்களை ஏமாற்றிவிடும். செடியை ஏமாற்ற முடியாது. வெளிச்சத்தைத் தேடித்தான் அது கழுத்தை நீட்டுது. நாங்கள் அதை வளர்ச்சி என்று நினைத்துச் சந்தோசப்பட்டு, இன்னும் தண்ணி ஊற்றினோம். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி தண்ணியைச் செலவழிக்காது. வேர் அழுகும்.

இந்தச் செடிகளுக்கும் வெயிலுக்கும் உள்ள உறவை நாக்கால் கண்டுபிடித்தவர் ஒருவர் இருக்கிறார். பெஞ்சமின் ஹெய்ன். மிசனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் கம்பனியின் தாவரவியலாளராக இருந்தவர். கொப்பிக்குள் வைத்தால் குட்டி போடும் என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாரும் வைத்த இரணகள்ளி இலையை அவர் மென்று பார்த்தார். விடியற்காலையில் புளித்தது. மத்தியானம் சுவையே இல்லை. பின்னேரம் இலேசான கசப்பு. 1813இல் இலண்டனில் உள்ள லின்னேயன் சங்கத்துக்கு இதை எழுதி அனுப்பினார். காரணம் நெடுங்காலம் கழித்தே விளங்கியது. வரண்ட இடத்துச் செடி பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் தண்ணி போய்விடும். அதனால் இரவில் திறந்து, காற்றை உள்ளே எடுத்து, அமிலமாகச் சேர்த்து வைக்கும். பகல் வெளிச்சத்தில் அந்த அமிலத்தைச் செலவழித்துச் சாப்பாடு செய்யும். இரவு சேர்த்ததைச் சமைக்க அடுப்பு வேண்டும். அந்த அடுப்புத்தான் வெயில்.

அப்படியென்றால் இவற்றை வீட்டுக்குள் கொண்டுபோனது யார்? குளிர்நாட்டுக்காரர். அங்கே பனிக்காலத்தில் வெளியே வைத்தால் செத்துவிடும் என்பதால் உள்ளே வைத்தார்கள். ஆனால் கண்ணாடியோடு வைத்தார்கள். பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டது. யன்னல்களுக்கான வரி 1851இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்கும் பெரிய யன்னல்கள் வந்தன. யன்னலோரச் சாடி அந்தக் காலத்தில்தான் பரவலானது. "தெற்கு நோக்கிய யன்னலில் வையுங்கள்" என்ற அறிவுரையும் அந்த வீடுகளில் பிறந்ததுதான்.

அந்த அறிவுரை அங்கே சரி. மார்கழி நண்பகலில் இலண்டனில் சூரியன் அடிவானத்தில் இருந்து 15 பாகை உயரம்தான் ஏறும். தெற்கு யன்னலால் வெயில் அறையின் கடைசி வரை போய் விழும். கிளிநொச்சி 9 பாகைச் சொச்சத்தில் கிடக்குது. அதே மார்கழியில் எங்களுக்குச் சூரியன் 57 பாகையில். சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டி நேர் உச்சியில். ஆனியில் வடக்குப் பக்கம் போய்விடும். எங்கட மத்தியான வெயில் கூரையில்தான் விழும், யன்னலில் இல்லை. யன்னலால் நேர்வெயில் வருவதென்றால் பெரும்பாலும் காலையில் கிழக்கால், பின்னேரம் மேற்கால். இணையத்தில் தெற்கு யன்னல் என்று படித்து, திசைகாட்டி பார்த்துச் சாடி வைத்தது எங்கட முட்டாள்தனம்.

வன்னியின் பழைய வீடுகள் வெயிலை உள்ளே விடக் கட்டப்பட்டவை அல்ல, தடுக்கக் கட்டப்பட்டவை. மண்சுவர், இலுக்கோ கிடுகோ வேய்ந்த கூரை, குனிந்து நுழைகிற அளவுக்குத் தாழ்வாரம். அந்தக் குளிர்ந்த இருட்டுக்குள் யாரும் செடி வைக்கவில்லை. கள்ளி வேலியில். கற்றாழை கிணற்றடியில். கண்ணூறு படாமல் வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழைகூட, மண்ணும் தண்ணியும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருந்தது. வாசலில் வெளிச்சம் இருந்தது.

பாம்புக் கற்றாழை ஏன் பிழைத்தது என்பதற்கும் எங்கட பக்கத்திலேயே விடை உண்டு. அதன் சொந்தக்காரச் செடியான மருள், வரண்ட காடுகளில் பற்றைகளின் அடியில் வளர்வது. அரை நிழல் அதற்குப் பழக்கம். லின்னேயஸ் 1753இல் அதைக் கற்றாழையோடு சேர்த்து எழுதினார். 1799இல் வில்டெனோ அதற்குச் சான்செவேரியா செய்லனிக்கா என்று பெயர் வைத்தார். பெயரிலேயே இலங்கை இருக்குது. ஆனால் நாங்கள் அந்தக் குடும்பத்தை "இன்டோர் பிளான்ட்" என்ற பெயரில்தான் அறிந்துகொண்டோம்.

அம்மம்மாவின் கேள்விக்கு இன்னொரு பதிலும் சொல்ல வேண்டும். வீட்டுச்செடி என்பது வீடு இருக்கிற ஆட்களின் பொருள். எங்களில் பலர் 2009இல் செட்டிக்குளம் மனிக்பாமில் தறப்பாளுக்குள் இருந்த பிள்ளைகள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். திரும்பி வந்தபோது அம்மம்மாவின் வளவில் வீடு இல்லை. கிணறும், வேலிமூலையில் ஆளுயரத்துக்கு வளர்ந்த சதுரக்கள்ளியும் நின்றன. அந்தக் கள்ளியை வைத்துத்தான் எல்லையைக் காட்டினார். பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு வந்தது. பூட்டக்கூடிய கதவும் யன்னலும் வந்தன. அந்த யன்னலடியில் ஒரு சாடி வைக்க ஆசைப்படுவதை வெறும் பாஷன் என்று எங்களால் தள்ளிவிட முடியவில்லை. இனி எழும்பி ஓடத் தேவையில்லை என்று நம்புகிற ஆள்தான் சாடி வாங்குவார். அது சாகும்போது நட்டம் 300 ரூபா மட்டும் இல்லை.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறோம். ரோசா இலைச் செடிகளும் கள்ளிகளும் விறாந்தையின் கிழக்கு ஓரத்தில், நாலு மணித்தியாலக் காலை வெயில் படும் இடத்தில். நிழலில் இருந்தவற்றை ஒரேயடியாக வெயிலுக்கு விட்டால் இலை வெந்துவிடும். இரண்டு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினோம். மாரியில் தூவானம் படாமல் உள்ளே தள்ளி, வெளிச்சம் குறையக் குறையத் தண்ணியையும் குறைக்கிறோம். நீண்ட கழுத்து திரும்பச் சுருங்காது. வெட்டி, காயவிட்டு, மணலில் நட்டோம். அலுமாரி மேலே பாம்புக் கற்றாழை மட்டும்.

வெட்டி நட்ட மூன்றில் இரண்டு வேர் பிடித்திருக்கின்றன. அம்மம்மா தன் வேலிக் கள்ளியில் ஒரு துண்டு முறித்துத் தந்தார். "பால் கண்ணில படாமப் பிடி" என்றார். அதை வாசிப்பு அறையின் படலையடியில், வெயிலில் நட்டிருக்கிறோம்.