யூஎஸ்எஸ் ஜார்ஜ் வாஷிங்டன் (நீர்மூழ்கிக் கப்பல்)

யூஎஸ்எஸ் ஜார்ஜ் வாஷிங்டன், அணுகுண்டு தாங்கிய ஏவுகணைகளுடன் சுற்றுக்காவல் சென்ற அமெரிக்கக் கடற்படையின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல். 1959 முதல் 1985 வரை பணியில் இருந்தது. அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களில் 55 சுற்றுக்காவல்களை முடித்தது.

கட்டுமானம்

கனெடிகட் மாநிலத்தின் கிராட்டன் நகரில், எலெக்ட்ரிக் போட் தளத்தில் இக்கப்பல் கட்டப்பட்டது. ஏவுகணைக் கப்பல் விரைவில் வேண்டும் என்பதால், தாக்குதல் நீர்மூழ்கியாகத் தொடங்கப்பட்டிருந்த உடற்பகுதியின் நடுவே ஏறத்தாழ 40 மீட்டர் நீளமுள்ள ஏவுகணைப் பகுதி இணைக்கப்பட்டது. கப்பலின் மொத்த நீளம் 116 மீட்டர். அதில் 16 போலாரிஸ் ஏவுகணைகளுக்கான செங்குத்துக் குழாய்கள் இருந்தன. 1959 ஜூன் 9 அன்று நீரில் இறக்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்டது.

சுற்றுக்காவல்

1960 ஜூலை 20 அன்று, கேப் கனாவெரல் கடலில் மூழ்கிய நிலையிலிருந்து போலாரிஸ் ஏவுகணையை ஏவியது. அழுத்தக் காற்று ஏவுகணையை நீருக்கு மேலே தள்ள, அதன் பிறகு எரிபொருள் பற்றிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் முதல் சுற்றுக்காவல் தொடங்கி, 66 நாட்களுக்குப் பின் 1961 ஜனவரி 21 அன்று முடிந்தது.

அணு உலை மாதக்கணக்கில் ஓயாது இயங்கும். மனிதர்களால் அது முடியாது. ஆகவே ‘நீலம்’, ‘தங்கம்’ என இரு மாலுமிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒரு குழு கடலில் இருக்கையில் மற்றது கரையில் ஓய்வும் பயிற்சியும் பெறும். கப்பல் துறைமுகத்தில் கிடக்கும் நாட்கள் இதனால் குறைந்தன. பிற நாடுகள் சிலவும் இம்முறையைக் கைக்கொண்டன.

முதல் போலாரிஸ் சுமார் 2,200 கிலோமீட்டர்தான் பாயும் என்பதால், சோவியத் ஒன்றியத்துக்கு அருகே செல்ல வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் ஹோலி லாக் தளம் இதற்கு உதவியது. 1960களின் நடுவில் அணு எரிபொருள் மாற்றப்பட்டதோடு, 4,600 கிலோமீட்டர் பாயும் போலாரிஸ் ஏ-3 ஏவுகணையும் பொருத்தப்பட்டது.

விபத்து

1981 ஏப்ரல் 9 அன்று கிழக்குச் சீனக் கடலில் மேலெழுந்தபோது ‘நிஷோ மாரு’ என்ற ஜப்பானிய சரக்குக் கப்பலில் மோதியது. சரக்குக் கப்பல் மூழ்கியது. 15 பேரில் இருவர் உயிரிழந்தனர். செய்தி உடனே தெரிவிக்கப்படாதது ஜப்பானில் கடும் கண்டனத்தை எழுப்பியது. அமெரிக்கா பொறுப்பேற்று இழப்பீடு வழங்கியது.

ஓய்வு

ஆயுதக் கட்டுப்பாட்டு உடன்பாட்டின் வரம்புக்கு இணங்க, 1980களின் தொடக்கத்தில் ஏவுகணைகள் அகற்றப்பட்டன. ஓஹையோ வகைப் புதிய கப்பல்கள் அப்பணியை ஏற்கத் தொடங்கியிருந்தன. தாக்குதல் நீர்மூழ்கியாகச் சில காலம் இயங்கிய பின், 1985 ஜனவரி 24 அன்று ஓய்வு பெற்றது. கதிரியக்கம் கொண்ட உலைப் பகுதியைத் தனியே பிரித்துப் பாதுகாக்க வேண்டியிருப்பதால், அணுசக்திக் கப்பலை உடைப்பது சாதாரணக் கப்பலை உடைப்பதுபோல் எளிதன்று. வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் கடற்படைத் தளத்தில் இக்கப்பலைப் பிரிக்கும் பணி 1998-இல் நிறைவடைந்தது. இதன் மேற்கோபுரம் கிராட்டன் நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.