ஆற்றோட்டமும் தூண்டில் நூலும்

தூண்டில் பிடிக்கத் தெரியாத பிள்ளை நம் தோட்டங்களில் முன்பெல்லாம் இருந்ததில்லை. ஒரு மூங்கில் கழி, நாலு முழம் தங்கூசி, ஒரு முள், ஒரு சிறு ஈயக்குண்டு, கொட்டாங்கச்சியில் மண்புழு. இவ்வளவு இருந்தால் போதும், வாய்க்கால் ஓரம் ஒரு பொழுது கழிந்துவிடும். இன்று நாம் பேசப்போவது தூண்டிலில் வேறொரு வகையைப் பற்றி. அதில் புழு இல்லை, ஈயக்குண்டும் இல்லை. கோழி இறகையும் பட்டு நூலையும் முள்ளில் கட்டிப் பூச்சியைப்போல் செய்த பொய் ஈதான் இரை. டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்க வெள்ளைக்காரர்கள் பெரிதும் விரும்பிய முறை இது.

இங்கே ஒரு கேள்வி எழும். நம் தூண்டிலில் குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. இறகினால் ஆன ஈக்கோ கனமே கிடையாது. பின் அதை எப்படி இருபது முழம் தள்ளி எறிவது? நூலே கனமாக இருக்க வேண்டும். எறியப்படுவது நூல், ஈ அதன் பின்னால் போகிறது. ஆகவே இந்தத் தூண்டிலின் வரலாறு என்பது பெரும்பாலும் நூலின் வரலாறே ஆகும்.

இது நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். நம் பாட்டன்மார் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே காலத்தில், அதே ஊர்களிலிருந்து மற்றவர்கள் இலங்கையின் தேயிலை மலைகளுக்கும், நீலகிரிக்கும், மூணாற்றுக்கும் கங்காணிகளின் பின்னே நடந்தார்கள். அந்த மலைகளின் ஓடைகளில்தான் டிரவுட் மீன் வந்து சேர்ந்தது. அது நம் நாட்டு மீன் அன்று. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவினது. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையினது. நீர் குளிர்ந்திருந்தால்தான் வாழும். பனிப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கிடையே வைத்துக் கப்பலில் முட்டையைக் கொண்டுபோகலாம் என்பதை 1864-இல் டாஸ்மேனியாவுக்குச் சென்ற ‘நார்ஃபோக்’ என்ற கப்பல் காட்டிக்கொடுத்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே டாக்டர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு முட்டை கொண்டுவர முயன்று தோற்றார். இலங்கையில் நுவரெலியா பக்கம் 1882-இல் பழுப்பு டிரவுட் முட்டைகள் வந்தன. நீலகிரியில் எச். சி. வில்சன் என்பவர் 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகே வானவில் டிரவுட் நிலைத்தது.

பொரிப்பகத் தொட்டிகளைக் காவல் காத்து, குஞ்சுகளைத் தகரங்களில் சுமந்து மலையேறிய கூலியாட்களின் பெயர்கள் துரைமார் எழுதிய புத்தகங்களில் காணக் கிடைப்பதில்லை. மீன்பிடிக்கும் உரிமையும் அவர்களுக்கு எளிதாய் இருக்கவில்லை. நீலகிரிக்கென 1879-இலேயே வேட்டைக்கும் மீனுக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. உரிமச் சீட்டு வாங்கியவர் தூண்டிலோடு ஓடையில் நிற்பார். கொழுந்துக் கூடையோடு போகிறவர் பார்த்துக்கொண்டு போவார். டிரவுட் சில நாடுகளில் உள்நாட்டு மீன்களை அழித்துவிட்டதால், உலகின் கேடு செய்யும் அந்நிய உயிரினங்கள் நூறில் ஒன்றாக வானவில் டிரவுட்டை இன்று பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி நூலுக்கு வருவோம். மாசிடோனிய நாட்டில் செந்நிறக் கம்பளியையும் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்தார்கள் என்று ஏலியன் என்ற பழைய ஆசிரியர் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தார். 1496-இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூல், குதிரைவால் மயிரை முறுக்கி இழை செய்யும் வகையை விரிவாகச் சொல்கிறது. கழியின் பக்கம் பல மயிர், ஈயின் பக்கம் வரவரச் சில மயிர். இப்படி ஒரு முனை தடித்து மறு முனை மெலிந்த நூல் அப்போதே இருந்தது. சாட்டையைப் பாருங்கள், அதே அமைப்புத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பின்னிய பட்டு நூல் வந்தது. ஆளிவிதை எண்ணெயை அதில் ஊறவைத்து, காயவைத்து, மெருகேற்றி விற்றார்கள். கனமும் வழவழப்பும் உண்டு, தூரமும் போகும். ஆனால் கொழுப்புத் தடவாவிட்டால் நீரில் அமிழ்ந்துவிடும். மாலையில் சுருளைக் கழற்றி உலர்த்தாவிட்டால் உளுத்துப்போகும், அல்லது பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். நீலகிரி மழையில் பட்டு நூலை உலர்த்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதை, ஈப்போவின் ஈரக்காற்றில் துணி உலர்த்தும் நம் தாய்மாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓடும் நீர்தான் இங்கே உண்மையான சோதனை. ஆற்றின் நடுவில் நீர் விரைவாகவும், கரையோரம் மெதுவாகவும் ஓடுகிறது. எதிர்க்கரையோர அமைதி நீரில் ஈ விழுகிறது. நூலோ நடு ஓட்டத்தின்மேல் குறுக்கே கிடக்கிறது. ஓட்டம் நூலை வில்லைப்போல் வளைத்துக் கீழே கொண்டுபோகும். உடனே ஈயும் இழுபட்டு நீரில் கோடு போடும். உண்மைப் பூச்சி அப்படி ஓடாது. டிரவுட் அதைக் கண்டு விலகிவிடும். ஆகையால் வளைவு விழுமுன்பே கழியின் நுனியை உயர்த்தி, நூலின் வயிற்றை மட்டும் நீரிலிருந்து தூக்கி, மேலோட்டப் பக்கமாகப் புரட்டிப் போட வேண்டும். ஈ அசையக் கூடாது. ஆங்கிலத்தில் இதை ‘மெண்டிங்’ என்கிறார்கள். கிழிசலைத் தைத்துச் சரிசெய்வதற்கும் அவர்களுக்கு அதே சொல்தான். நூலைத் திருத்திப் போடுதல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நம் பக்கம் நீர் மெதுவாகவும் ஈயின் பக்கம் விரைவாகவும் இருந்தால், கீழோட்டப் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஸ்காட்லாந்தின் டீ ஆற்றில் ஆர்தர் வுட் என்பவர் சால்மன் மீனுக்குக் கொழுப்புத் தடவிய பட்டு நூலை மிதக்கவிட்டு, இப்படித் திருத்தித் திருத்திப் பிடித்துப் பேர்பெற்றார். அவர் முறையை விளக்கும் புத்தகம் 1935-இல் வெளிவந்தது.

கொழுப்புத் தடவியது ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமிழ்ந்த நூலைப் புரட்ட முடியாது. நீர் அதைப் பிடித்துக்கொள்ளும். 1938-இல் நைலான் அறிவிக்கப்பட்டது. 1950-களில் நைலான் பின்னலின்மேல் பிளாஸ்டிக் பூசிய நூல் அமெரிக்காவிலிருந்து வந்தது. தானே மிதந்தது, உலர்த்தும் வேலையும் ஒழிந்தது. 1961-இல் நூலின் கனத்துக்கு எண் கொடுத்தார்கள். முதல் முப்பது அடியின் எடைதான் கணக்கு: நாலாம் எண்ணுக்கு 120 கிரெயின், ஐந்துக்கு 140, அதாவது சுமார் ஒன்பது கிராம். கழியிலும் அதே எண் போட்டிருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும்.

ஆனால் எண் ஒன்றாயிருந்தாலும் நூலின் உருவம் இரண்டு விதம். ஒன்று, முன்பாரம் கொண்டது. முதல் முப்பது நாற்பது அடி தடித்து, பின்னால் மெல்லிய இழையாகிவிடும். தூர எறிய நல்லது, கடைக்காரரும் பெரும்பாலும் இதைத்தான் எடுத்து நீட்டுவார். மற்றொன்று, இருமுனையும் மெலிந்து நடு முழுதும் ஒரே தடிப்பாய் இருப்பது. திருத்திப் போட இதுவே நம் கருத்தில் சிறந்தது. காரணம் எளிது. மெல்லிய கயிற்றின் நுனியில் தடித்த வடத்தைக் கட்டி, கயிற்றை உதறி வடத்தைப் புரட்டிப் பாருங்கள். உதறல் முடிச்சோடு நின்றுவிடும். முன்பார நூலில் தடித்த பகுதி கழியைக் கடந்து வெகுதூரம் போய்விட்டால் நடப்பதும் இதுதான். இருமுனை நூலில் கழியின் நுனியிலும் கனம் இருக்கிறது, அதனால் கையின் அசைவு ஈயின் அருகு வரை செல்கிறது. இருபது முப்பது அடிக்குள் பிடிக்கும் சிற்றோடையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுவோம். கனமான எண்ணாக வாங்கினால் நன்றாகப் புரளுமே என்று ஆசைப்படவும் வேண்டாம். அது தொப்பென்று விழுந்து மீனைக் கலைத்துவிடும். மலை ஓடைக்கு நாலு அல்லது ஐந்து போதும்.

நம் பேராக்கில் டிரவுட் இல்லை; கிந்தா சமவெளியின் நீர் அதற்குச் சூடு. ஈயச் சுரங்கங்கள் கொட்டிய மணலால் கிந்தா ஆறு மேடிட்டுப்போன கதையும் நமக்குத் தெரியும். ஆயினும் மேல் பேராக்கில், 2007-இல் அரசாங்கப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பெலும் காட்டு ஆறுகளில், கெலாவும் செபராவும் உண்டு. இவற்றையும் பொய் ஈ கொண்டு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பாறைகளுக்கிடையே பாயும் அந்த நீரிலும் நூல் வளைவது அதே விதமாகத்தான். மீன் பெரிதானதால் ஏழு, எட்டு என்று எண் கூட வேண்டும். அங்கே போக அனுமதிச் சீட்டும் தேவை.

நம் பையன்களில் யாரேனும் முதல் சம்பளத்தில் இப்படியொரு நூல் வாங்க நினைத்தால், அதன் பராமரிப்பையும் கேட்டுக்கொள்ளட்டும். அழுக்குப் படிந்த நூல் மிதக்காது, மிதக்காதது புரளாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் துணியால் துடைத்தால் போதும். கொசுவுக்குத் தடவும் மருந்துகளில் சில பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். அதைத் தடவிய கையால் நூலைத் தொடக் கூடாது. பெட்ரோலும் அப்படியே. இருமுனை நூலின் விலை சற்று கூடுதலாகத் தோன்றினாலும், சில ஆண்டுகளில் முன்முனை வெடித்துத் தேய்ந்தபின் சுருளிலிருந்து முழுதும் கழற்றித் திருப்பிச் சுற்றிக்கொண்டால், இதுவரை நீரே படாத மறுமுனை கைக்கு வரும்.