கருப்பு ஞாயிறு கற்பித்த பாடம்

பள்ளி விடுமுறை வந்தாலே பிள்ளைகளின் மனம் கடற்கரையை நாடும். அவர்களை அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்றுண்டு.

1938ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள போண்டாய் கடற்கரையில் மக்கள் திரண்டிருந்தனர். பலர் மணல்திட்டில் காலூன்றி நின்று நீராடினர். திடீரென அடுத்தடுத்துப் பேரலைகள் எழுந்தன. கரையேறிய நீர் திரும்பிப் பாய்ந்தபோது, ஏறத்தாழ 250 பேரை ஆழத்திற்கு இழுத்துச் சென்றது. உயிர்காப்புத் தொண்டர்கள் கயிறுகளோடு கடலில் குதித்தனர். ஐவர் மாண்டனர்; ஏனையோர் மீட்கப்பட்டனர்.

அத்தனை பேர் பிழைத்தது தற்செயலன்று. 1907ஆம் ஆண்டு முதலே அங்கு உயிர்காப்புக் கழகம் இயங்கி வந்தது. பயிற்சி பெற்றோர் அன்று கரையிலேயே இருந்தனர்.

ஆகவே, காவலர் உள்ள இடத்திலேயே பிள்ளைகளை நீராட விடுங்கள். கடலை நோக்கி விரையும் நீரோட்டம் மனிதரைக் கீழே அமிழ்த்துவதில்லை. கரையை விட்டு அப்பால் கொண்டுசெல்கிறது. அதனை எதிர்த்து நீந்திக் களைத்தவரே பெரும்பாலும் மூழ்குகின்றனர். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கோர வேண்டும்; இயன்றால் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும்.

நீச்சலோடு இதனையும் சேர்த்தே கற்பிப்போம்.